சுமைதாங்கியும் தீண்டல் பலகையும்

தலைச்சுமையோடு தனியாக நடந்து போகிறவருக்குச் சுமை அவ்வளவு பெரிய தொல்லையில்லை. அதை இறக்குவதும், இறக்கியபின் மறுபடி ஏற்றுவதும்தான் தொல்லை. நெல் மூட்டையோ விறகுக் கட்டோ, தூக்கித் தலையில் வைக்க இன்னொரு கை வேண்டும். நடுவழியில் கழுத்து கடுத்தாலும் இறக்கி வைக்க யோசிப்பார்கள். இறக்கிவிட்டால், அந்தப் பக்கம் யாராவது வரும்வரை காத்திருந்து, ‘கொஞ்சம் தூக்கிவிடுங்க’ என்று கேட்க வேண்டியிருக்கும். இந்தத் தொல்லையைக் கவனித்த யாரோ கண்ட வழிதான் சுமைதாங்கி. இரண்டு கற்களை நட்டு, குறுக்கே மூன்றாவது கல் ஒன்றைப் படுக்கவைத்தால் வேலை முடிந்தது. உயரம் மட்டும் கணக்காக இருக்க வேண்டும். நின்ற வாக்கில் கொஞ்சம் சாய்ந்தால் மூட்டை கல்லின்மேல் நகர்ந்துவிட வேண்டும்; புறப்படும்போது சும்மாட்டைச் சரிசெய்து தலையைக் கொடுத்தால் ஏறிவிட வேண்டும்.

சூலோடு இறந்துபோன பெண்ணின் நினைவாகச் சுமைதாங்கி நடும் வழக்கம் தமிழ்நாட்டிலும் யாழ்ப்பாணத்திலும் இருந்தது. வயிற்றுச் சுமையை இறக்காமலே போனவளுக்காக, அவ்வழியே போகிற வருகிறவர்களின் சுமையை ஒரு கல்லாவது வாங்கிக்கொள்ளட்டும் என்பது அதன் பொருள். யாழ்ப்பாணத்துப் பழைய தெருக்களில் சுமைதாங்கிக்குப் பக்கத்திலேயே மடமும் கேணியும், மாடுகள் உடம்பைத் தேய்த்துக்கொள்ள ஆவுரோஞ்சிக் கல்லும் சேர்ந்திருப்பதைச் சில இடங்களில் இன்றும் பார்க்கலாம். மாட்டுக்கு முதுகு அரித்தால் அது எங்கே போகும் என்று யோசித்துக் கல் நட்ட ஊர்கள் அவை.

இந்தக் கல்லில் இன்னொரு சாமர்த்தியமும் உண்டு. அது வழிப்போக்கரின் மனநிலையை நம்பியிருக்கவில்லை. 

மனநிலையை நம்பினால் என்னவாகும் என்பதற்கு உளவியலில் பெயர்பெற்ற சோதனை ஒன்று இருக்கிறது. அமெரிக்காவின் பிரின்ஸ்டன் இறையியல் கல்லூரி மாணவர்கள் 40 பேரை வைத்து ஜான் டார்லி, டேனியல் பேட்சன் இருவரும் நடத்தி, 1973-இல் வெளியிட்டது அது. ஒரு கட்டடத்திலிருந்து இன்னொன்றுக்குப் போய்ச் சிறு உரை நிகழ்த்த வேண்டும் என்று மாணவர்களிடம் சொன்னார்கள். சிலருக்குக் கொடுத்த தலைப்பு, அடிபட்டு வழியில் கிடந்தவனைக் காப்பாற்றிய நல்ல சமாரியன் கதை. போகிற பாதையில் ஓர் ஆள் தலைகுனிந்து, இருமிக்கொண்டு சரிந்து கிடந்தார். அவரும் சோதனையின் பாகம்தான். கருணைக் கதையைப் பேசப் போகிறவர்கள் மற்றவர்களைவிடக் குறிப்பிடத்தக்க அளவில் அதிகமாக நின்றுவிடவில்லை. நேரம்தான் வேறுபாட்டை உண்டாக்கியது. அவசரமில்லாதவர்களில் 63 விழுக்காட்டினர் உதவினார்கள். ‘தாமதமாகிவிட்டது, ஓடுங்கள்’ என்று விரட்டப்பட்டவர்களில் 10 விழுக்காட்டினரே நின்றார்கள். சமாரியனைப் பற்றிப் பேசப் போகிற அவசரத்தில் விழுந்து கிடந்தவரைத் தாண்டிப் போனவர்களும் உண்டு. 

நல்லவராக இருப்பதும் நின்று உதவுவதும் வேறு வேறு என்பது இதிலிருந்து தெரிகிறது. அவசரத்தில் போகிறவரின் நெஞ்சில் ஈரம் இருந்தாலும் கால் நிற்பதில்லை. சுமைதாங்கியை நட்டவர்கள் இதை ஆய்வு நடத்தாமலே அறிந்திருந்தார்கள் போலும். கல்லுக்கு அவசரம் கிடையாது. இரவிலும் மழையிலும் நின்ற இடத்தில் நிற்கும். கருணையை ஆள் கையிலிருந்து எடுத்து வழியோரத்தில் ஊன்றிவிட்டார்கள்.

சத்திரங்களும் அவ்வகையில் சேர்ந்தவையே. 17-ஆம் நூற்றாண்டின் இறுதியில் மதுரையை ஆண்ட இராணி மங்கம்மாளின் பெயர் இன்றும் நிற்பது சாலைகளாலும் சத்திரங்களாலும்தான். தஞ்சை மராட்டியர் காலத்துச் சத்திரங்களைப் பற்றி இரண்டாம் சரபோஜி மன்னர் 1801-இல் ஆங்கிலேய அதிகாரிக்கு எழுதிய கடிதம் ஒன்று உண்டு. சத்திரங்களின் நிலங்களும் வருவாயும் கைவிட்டுப் போய்விடக் கூடாது என்ற கவலையில் எழுதியது. பிராமணர் முதல் பறையர் வரை எந்த வழிப்போக்கருக்கும் அங்கே சோறு உண்டு. சமைத்ததை உண்ணாதவர்களுக்கு அரிசியும் மளிகையும் தனியே அளக்கப்படும். நோயாளிக்கு வைத்தியம், வழியில் பிரசவமாகும் பெண்ணுக்குப் பராமரிப்பு, அநாதைக் குழந்தைகளுக்குச் சோறும் கல்வியும் உண்டு என்று அதில் விவரித்திருக்கிறார். கடிதத்தின் நோக்கத்தை மனத்தில் கொண்டு கொஞ்சம் கழித்துப் பார்த்தாலும், மிஞ்சுவது குறைவில்லை. சமைத்ததை உண்ணாதவர்களுக்கு ஏன் தனியே அளக்க வேண்டும் என்ற கேள்வி மட்டும் அந்தக் கடிதத்தில் இல்லை. அந்தக் காலத்தில் அது ஒரு கேள்வியாகவே யாருக்கும் பட்டிருக்காது.

சோறிடுவதற்கும் கேள்வி கேட்பதற்கும் தமிழில் வழங்கும் சொற்களைக் கவனித்தால் ஒன்று புரியும். கோடையில் தண்ணீர்ப் பந்தல் போட்டு மோரும் பானகமும் கொடுப்பவர் புண்ணியவான். அதே ஆள், ‘இவருக்கு மட்டும் ஏன் கொட்டாங்கச்சியில் ஊற்றுகிறாய்?’ என்று கேட்டால் வம்புக்காரர். தாகத்தைத் தீர்ப்பது தர்மம்; தாகத்தில் வைக்கப்பட்ட பாகுபாட்டைக் கேட்பது ஊர் வம்பு. ‘உனக்கென்ன வந்தது?’ என்ற ஒற்றைக் கேள்வியிலேயே வாயடைத்துப் போனவர்கள் ஏராளம். இரக்கம் எல்லா ஊரிலும் இருந்தது. வம்புக்குப் போக ஆள்தான் குறைவாக இருந்தது.

அப்படி வம்புக்குப் போனவர்களின் கதை ஒன்று நூறாண்டுக்கு முன் திருவிதாங்கூரில் நடந்தது. 

வைக்கம் சிவன் கோவிலின் பெருமை சோறுதான். அங்கே குடியிருக்கும் வைக்கத்தப்பனுக்கு ‘அன்னதானப் பிரபு’ என்றே பெயர். ‘பிராதல்’ எனப்படும் விருந்துதான் அந்தக் கோவிலின் முக்கியமான வழிபாடு. பசித்தவனுக்குச் சோறிடுவதையே பூசையாகக் கொண்ட கோவில் அது. அதைச் சுற்றியிருந்த நான்கு தெருக்களின் முனைகளில் பலகைகள் நின்றன. ஈழவர், புலையர் உள்ளிட்ட சாதியினர் அதற்கு அப்பால் காலெடுத்து வைக்கக் கூடாது என்பது அவற்றின் வாசகம். மலையாளத்தில் அதற்குத் ‘தீண்டல் பலகை’ என்று பெயர். கிறித்தவர்களும் முஸ்லிம்களும் அந்தத் தெருக்களில் தாராளமாக நடந்தார்கள். ஒரு புலையர் மதம் மாறி ஞானஸ்நானம் பெற்றுவிட்டால் அவரும் நடக்கலாம். நேற்று வரை தீட்டாக இருந்த அதே கால் இன்றைக்குத் தீட்டில்லை. இதில் ஒரு தர்க்கம் இருப்பதாகவும் பலர் அக்காலத்தில் வாதாடினார்கள்.

சுமைதாங்கிக் கல்லையும் இந்தப் பலகையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். இரண்டும் வழியோரத்தில் நிற்பவை. முதலாவது கருணையை ஆள் கையிலிருந்து எடுத்து ஊன்றியது. இரண்டாவது கொடுமையை அப்படியே ஊன்றியது. பலகை நிற்கும் தெருவில் குடியிருப்பவர் யாரையும் வெறுக்க வேண்டியதில்லை, விரட்ட வேண்டியதில்லை, ஒரு கடுஞ்சொல்கூடச் சொல்ல வேண்டியதில்லை. பலகை பார்த்துக்கொள்ளும். அவர் கோவிலுக்குப் போகலாம், அன்னதானத்துக்குக் காணிக்கை கொடுக்கலாம், நல்லவர் என்று பெயரெடுக்கலாம். அநீதியின் பெரும்பகுதி கெட்டவர்கள் இல்லாமலே நடந்துவிடுகிறது. அதனால்தான் அதைக் கருணை மட்டும் கொண்டு அசைக்க முடிவதில்லை.

1923 டிசம்பரில் காக்கிநாடா காங்கிரசில் டி.கே. மாதவன் தீண்டாமை ஒழிப்புத் தீர்மானத்தைக் கொண்டுபோனார். அவர் ஈழவர், பத்திரிகையாளர். அடுத்த மாதமே கேரளக் காங்கிரஸ் இதற்கென ஒரு குழுவை அமைத்தது. தெருவில் நடப்பதென்று முடிவாயிற்று. கோவிலுக்குள் போவது அப்போது கோரிக்கையே இல்லை. நடக்க வேண்டும், அவ்வளவுதான்.

1924 மார்ச் 30 காலையில் மூன்று பேர் பலகையை நோக்கி நடந்தார்கள். குஞ்ஞாப்பி புலையர். பாகுலேயன் ஈழவர். கோவிந்தப் பணிக்கர் நாயர். போலீஸ் மூவரையும் நிறுத்திச் சாதியைக் கேட்டது. பணிக்கரைப் பார்த்து, நீங்கள் போகலாம் என்றது. மற்ற இருவரும் போகக் கூடாது. அவர்களுடன்தான் போவேன் என்று பணிக்கர் நின்றுவிட்டார். மூவரும் கைதானார்கள்.

வைக்கத்தைப் பற்றி எழுதப்பட்டவை மிகுதி. தலைவர்கள் பெயரால் அந்த வரலாறு நிறைந்திருக்கிறது. யாருக்கு எவ்வளவு பங்கு என்ற சண்டையும் ஓயவில்லை. அந்தக் காலை நேரத்தில் பணிக்கர் செய்த காரியத்தின் எளிமை அந்தச் சண்டையில் கண்ணில் படாமல் போகிறது. பலகை அவரைத் தடுக்கவில்லை. அன்றுவரை எத்தனையோ முறை அவர் சாதிக்காரர்கள் அதைத் தாண்டிப் போயிருப்பார்கள். அது கண்ணில்கூடப் பட்டிருக்காது. தன்னைத் தடுக்காத பலகையின் முன் ஓர் ஆள் நின்றபோதுதான் போலீசுக்குக் குழப்பம் வந்தது. குஞ்ஞாப்பியையும் பாகுலேயனையும் என்ன செய்வதென்று சட்டத்துக்குத் தெரியும். போக அனுமதி இருந்தும் போகமாட்டேன் என்கிறவரை என்ன செய்வது? அவரும் சேர்ந்து குற்றவாளியானார். 

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நடக்க முடியாமலிருந்தவர்களின் துணிச்சலுக்கு முன் பணிக்கரின் துணிச்சல் சிறியது. தோற்றால் அவர் திரும்பிப் போக ஒரு வீடும் ஒரு சாதியும் இருந்தன. 1893-லேயே வெங்ஙானூரில் அய்யங்காளி தடுக்கப்பட்ட சாலையில் வில்லுவண்டி ஓட்டிக் காட்டியிருந்தார். எந்த நாயரின் துணையும் அதற்குத் தேவைப்படவில்லை. தமக்கு இழைக்கப்பட்ட அநீதியை எதிர்ப்பவர்களே எந்தப் போராட்டத்துக்கும் முதல். பிறருக்கு இழைக்கப்பட்டதை எதிர்ப்பவர் இரண்டாவதாக வருகிறவர். ஆனால் அந்த இரண்டாமவர் வந்த பிறகுதான், ‘இது அவர்கள் விவகாரம்’ என்று ஊர் சொல்லிக்கொள்ள முடியாமல் போகிறது.

பிறர் விவகாரத்தில் தலையிட யாருக்கு உரிமை உண்டு? வைக்கத்தில் இது வெறும் வாய்ப்பேச்சாக நின்றுவிடவில்லை.

ஜார்ஜ் ஜோசப் செங்கன்னூரில் பிறந்த சிரியன் கிறித்தவர், இலண்டனில் படித்த வழக்கறிஞர், வாழ்ந்தது மதுரையில். 1918-இல் மதுரை ஆலைத் தொழிலாளர்களுக்குச் சங்கம் கட்டியவர்களில் ஒருவர். குற்றப் பரம்பரைச் சட்டத்தின்கீழ் ரேகை வைக்க மறுத்த பெருங்காமநல்லூர்ப் பிரமலைக் கள்ளர்கள்மீது 1920 ஏப்ரல் 3 அன்று போலீஸ் சுட்டது, பலர் மாண்டார்கள். அந்த மக்களுக்காகக் கோர்ட்டிலும் வெளியிலும் வாதாடியவர் ஜோசப். அவரை அவர்கள் ‘ரோசாப்பூ துரை’ என்று அழைத்தார்கள். பிள்ளைகளுக்கும் அந்தப் பெயரை வைத்தார்கள். மலையாளி, கிறித்தவர், சீமையில் படித்தவர் என்று எந்தக் கணக்கில் பார்த்தாலும் கள்ளநாட்டு விவகாரம் அவருக்கு வேண்டாத வம்பு. அவர் அப்படிக் கணக்குப் பார்க்கவில்லை. 

வைக்கத்திலும் முன்னால் நின்றார். கிறித்தவர் என்பதால் அந்தத் தெருக்களில் அவர் விருப்பம்போல் உலாவலாம். மாதவனும் கே.பி. கேசவமேனனும் சிறைக்குப் போனபின் பொறுப்பு அவர் தோளில் விழுந்தது. அப்போது காந்தியிடமிருந்து கடிதம் வந்தது. தீண்டாமை இந்துக்களின் பாவம். அதற்குப் பரிகாரம் தேட வேண்டியவர்கள் இந்துக்களே. நீங்கள் விலகியிருங்கள் என்பது அதன் சாரம். கடிதம் வந்து சில நாட்களில் ஜோசப் கைதாகிவிட்டார். பஞ்சாபிலிருந்து அகாலிகள் வந்து தொண்டர்களுக்குச் சமையற்கூடம் திறந்தபோதும் காந்தி ஒப்பவில்லை. உள்ளூர்க்காரர்கள் தம் போராட்டத்துக்குத் தாமே சோறு தேடிக்கொள்ள வேண்டும் என்றார். சமையற்கூடம் மூடப்பட்டது.

காந்தியின் வாதத்தை ஒரேயடியாகத் தள்ள முடியாது. வெளியார் வந்து அடைக்கிற கடன் கடன்காரனுக்குச் சொரணை தராது என்பதில் உண்மை இருக்கிறது. ஆனால் அந்த வாதம் அநீதியை யார் செய்தார்கள் என்பதிலிருந்து தொடங்குகிறது. யார் அனுபவிக்கிறார்கள் என்பதிலிருந்து தொடங்கவில்லை. தெருமுனையில் நிறுத்தப்பட்ட குஞ்ஞாப்பிக்குத் தன் பக்கம் நிற்பவர் எந்த மதம் என்பது எவ்வளவு முக்கியம்? அதோடு, தடைபட்டது பொதுத் தெரு. கோவில் கருவறை இல்லை. தெருவில் நடக்கும் உரிமையை இந்துக்களின் உள்வீட்டுச் சங்கதியாக்கியது காந்தி செய்த பிழை என்றே படுகிறது. ஜோசப்பும் பின்னாளில் அவரிடமிருந்து விலகிப் போனார்.

தலைவர்கள் ஒவ்வொருவராகச் சிறைக்குப் போனதும் அழைப்பு தமிழ்நாட்டுக்கு வந்தது. அப்போது தமிழ்நாடு காங்கிரஸ் கமிட்டித் தலைவராக இருந்தவர், பின்னாளில் பெரியார் எனப்பட்ட ஈரோட்டு ஈ.வெ. ராமசாமி. 1924 ஏப்ரல் 13 அன்று வைக்கம் போய்ச் சேர்ந்தார்.

அழைப்புக்கு உள்ள வலிமையை வேறோர் இடத்திலும் பார்க்கலாம். ஐரோப்பாவில் நாஜிகளின் காலத்தில் யூதர்களுக்கு ஒளிந்திருக்க இடம் கொடுத்தவர்களில் 400-க்கும் மேற்பட்டவர்களைச் சாமுவேல் ஒலினர், பேர்ல் ஒலினர் தம்பதி பேட்டி கண்டு 1988-இல் ஒரு நூல் வெளியிட்டார்கள். சாமுவேல் ஒலினரே சிறுவனாக ஒரு போலந்துக் குடியானவப் பெண்ணால் காப்பாற்றப்பட்டவர். அந்தப் பேட்டிகளில் திரும்பத் திரும்ப வந்த செய்தி ஒன்று உண்டு. பெரும்பாலோர் தாமாகப் போய் உதவவில்லை. யாரோ வந்து கேட்டார்கள், இவர்கள் மறுக்கவில்லை. பெதெரிக்கோ வரேசே, மெயிர் யாயிஷ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இதையே மறுபடி ஆராய்ந்து 2000-இல் எழுதினார்கள்: உதவியவரின் குணத்தைத் தேடுவதோடு, அவரிடம் யாராவது கேட்டார்களா என்றும் பார்க்க வேண்டும் என்று. சுமைகாரர் ‘கொஞ்சம் தூக்கிவிடுங்க’ என்று கேட்பதற்கும் வைக்கத்திலிருந்து ஈரோட்டுக்கு அழைப்பு வந்ததற்கும் அடிப்படையில் அதிக வேறுபாடில்லை. கேட்கப்படாத வரை ஒதுங்கிப்போவது எளிது. முகத்துக்கு நேரே கேட்டபின் அவ்வளவு எளிதில்லை.

அழைப்பை ஏற்று வைக்கம் வந்த பெரியார் இரண்டு முறை சிறைப்பட்டார். முதலில் ஒரு மாதம், அருவிக்குத்தியில். வெளியே வந்ததும் மறுபடி பேசக் கிளம்பினார். அடுத்து நான்கு மாதக் கடுங்காவல். திருவிதாங்கூர் மகாராஜா மூலம் திருநாள் அந்த ஆகஸ்டில் இறந்ததால் முன்கூட்டியே விடுதலை கிடைத்தது. பழ. அதியமான் தம் ‘வைக்கம் போராட்டம்’ நூலில் கணக்கெடுத்திருப்பதன்படி மொத்தம் 74 நாட்கள் சிறையில் இருந்திருக்கிறார். இரண்டாம் முறை அவர் அடைக்கப்பட்ட சிறையில் அரசியல் கைதியாகச் சற்று வசதியோடு வைக்கப்பட்டிருந்த கேசவமேனன், பக்கத்துக் கொட்டடியில் பெரியார் காலில் விலங்கோடும் கைதிக் குல்லாயோடும் கொலைக் குற்றவாளிகளுக்கு நடுவே வேலை செய்ததைத் தம் நினைவுநூலில் பதிந்திருக்கிறார். கைதான தலைவர்களில் வெளியூர்க்காரருக்கே அதிக வதை. பெரியாரின் மனைவி நாகம்மையாரும் தங்கை கண்ணம்மாவும் வைக்கத்துக்கு வந்து, வீடுவீடாகப் பெண்களைத் திரட்டினார்கள்.

தெருமுனையில் நாட்கள் எப்படிக் கழிந்தன என்பதையும் பார்க்க வேண்டும், ஏனெனில் போராட்டத்தின் பெரும்பகுதி வெறும் உட்கார்ந்திருத்தல்தான். அரசு கைது செய்வதை நிறுத்திவிட்டு வேலி போட்டது. வேலிக்கு முன்னால் தொண்டர்கள் உட்கார்ந்து இராட்டை சுற்றினார்கள். வெள்ளூரில் இருந்த தம் மடத்தை நாராயண குரு முகாமுக்கு விட்டுக்கொடுத்தார். 1,000 ரூபாயும் கொடுத்தார். கொல்லம் ஆண்டு 1099-ஐ வைத்துக் கேரளம் இன்றும் ‘தொண்ணூற்றொன்பதின் வெள்ளம்’ என்று சொல்லும் பெருவெள்ளம் 1924 ஆடியில் வந்தது. தெரு முழுகியது. போலீஸ்காரர்கள் படகில் ஏறிக்கொண்டார்கள். தொண்டர்கள் கழுத்தளவு நீரில் முறைவைத்து நின்றார்கள். வெள்ளத்தில் அந்தத் தெருவில் நடக்க யாராலும் முடியாது, மேல்சாதியாராலும் முடியாது. ஆனாலும் காவலும் தொடர்ந்தது, மறியலும் தொடர்ந்தது. அடியாட்கள் தொண்டர்களின் கண்ணில் சுண்ணாம்பைத் தேய்த்தார்கள். அப்படிப் பார்வை இழந்தவர்களில் ராமன் இளையது என்ற மேல்சாதி இளைஞரும் உண்டு. அவரைப் பலகை ஒருநாளும் தடுத்ததில்லை.

அந்த நவம்பரில் மன்னத்து பத்மநாபன் தலைமையில் மேல்சாதியார் மட்டுமே கொண்ட ஊர்வலம் வைக்கத்திலிருந்து திருவனந்தபுரத்துக்கு நடந்தது. தெற்கே நாகர்கோவில் பக்கமிருந்து டாக்டர் எம்பெருமாள் நாயுடு இன்னொரு ஊர்வலத்தைக் கொண்டுவந்தார். 25,000-க்கும் மேற்பட்ட மேல்சாதியார் கையெழுத்திட்ட விண்ணப்பம் ராணி சேது லட்சுமி பாயிடம் கொடுக்கப்பட்டது. தெருவில் நடக்க ஏற்கெனவே உரிமையுள்ள 25,000 பேர், உரிமையில்லாதவர்களுக்காகப் போட்ட கையெழுத்து அது. ஒரு நாயர் பலகை முன் நின்று எட்டு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. 

தெருக்களைத் திறக்கக் கோரிய தீர்மானம் திருவிதாங்கூர் சட்டமன்றத்தில் தோற்றது. 1925 பிப்ரவரியில் ஆதரவாக 21 வாக்கு, எதிராக 22.

மார்ச்சில் காந்தி நேரில் வந்தார். இண்டந்துருத்தி மனையின் நம்பூதிரியைப் பார்க்கப் போனார். கோவில் விவகாரங்களில் செல்வாக்குள்ள குடும்பம் அது. காந்தியை வீட்டுக்குள் சேர்க்கவில்லை. வெளியே தனி இடத்தில் வைத்துத்தான் பேச்சு நடந்தது. தீண்டாதார் படுவது முற்பிறவி வினையின் பலன், அதில் நாம் கைவைக்கக் கூடாது என்று நம்பூதிரி தரப்பு வாதாடியது. பேச்சு மரியாதை குறையாமல்தான் நடந்தது. கொடுமையான மனிதர்கள் என்று அவர்களை யாரும் வருணிக்கவில்லை. அவர்களுக்கு அது விதி. பலகை வெறும் அறிவிப்பு. மேல்சாதியாரிடம் வாக்கெடுக்கலாம், நடுவர் வைக்கலாம், சாத்திரத்தைப் பண்டிதர்களைக் கொண்டு பார்க்கலாம் என்று காந்தி மூன்று யோசனை சொன்னார். மூன்றையும் அவர்கள் ஏற்கவில்லை.

1925 நவம்பர் 23 அன்று போராட்டம் முடிந்தபோது கிடைத்தது அரைக்கிணறுதான். மூன்று பக்கத் தெருக்கள் எல்லாருக்கும் திறந்தன. கிழக்குத் தெரு மேல்சாதிக்கே என்றாயிற்று. அதுவரை அதில் நடந்த கிறித்தவர்களுக்கும் முஸ்லிம்களுக்கும்கூட அது மூடப்பட்டது. மற்றவர்களுக்குச் சுற்றுவழி போட்டுக் கொடுத்தார்கள். சமத்துவத்தை இப்படியும் கொண்டுவரலாம் என்று அரசு நினைத்தது போலும். கோவிலே எல்லா இந்துக்களுக்கும் திறந்தது 1936 நவம்பர் 12 பிரகடனத்தால்தான்.

வைக்கம் முடிந்து ஒன்றரை ஆண்டு கழிவதற்குள் வேறொரு ஊரில் தண்ணீர் பிரச்சினையாயிற்று. மகாராஷ்டிரத்தின் மகாட் நகரில் 1927 மார்ச்சில் அம்பேத்கர் மாநாடு கூட்டியபோது, வந்தவர்கள் குடிக்க 40 ரூபாய்க்குத் தண்ணீர் விலைக்கு வாங்க வேண்டியிருந்தது. ஊர் நடுவில் சவதார் குளம் நிறைந்து கிடந்தது. பொதுக் குளங்கள் எல்லாருக்கும் உரியவை என்று பம்பாய்ச் சட்டமன்றம் 1923-லேயே தீர்மானித்திருந்தது. தீர்மானம் தாளில் இருந்தது. குளத்துக்குப் போனவர் இல்லை. மார்ச் 20 அன்று அம்பேத்கர் போய் அள்ளிக் குடித்தார். பின்னால் வந்தவர்கள் குடித்தார்கள். அந்த மாநாட்டில் அவரோடு நின்றவர்களில் ஆனந்தராவ் சித்ரே, சகஸ்ரபுத்தே போன்ற மேல்சாதியார் இருந்தார்கள். அடுத்த சில மணி நேரத்தில் வீரேசுவரர் கோவிலுக்குள் நுழையப் போகிறார்கள் என்று வதந்தி பரவி, மாநாட்டுக்கு வந்தவர்களைத் தெருத்தெருவாக அடித்தார்கள். ஓடியவர்களில் பலரைத் தம் வீடுகளுக்குள் விட்டுக் கதவைச் சாத்தியவர்கள் உள்ளூர் முஸ்லிம்கள். அந்தக் கதவுகளைத் திறந்தவர்களுக்குக் குளத்து வழக்கில் எந்தப் பங்கும் இல்லை. அடிபட்டு வந்து தட்டினார்கள், திறந்தார்கள். குளத்து வழக்கு 1937-இல்தான் பம்பாய் உயர்நீதிமன்றத்தில் முடிந்தது.

இந்திய அரசமைப்பின் 15-ஆம் உறுப்பு, சாதியைக் காட்டி யாரையும் தடுக்கக் கூடாத இடங்களைப் பெயர்சொல்லி அடுக்குகிறது: கடை, உணவுவிடுதி, கிணறு, குளம், படித்துறை, சாலை. அரசமைப்பில் எளிதில் எதிர்பார்க்காத சொற்கள் இவை. அந்த வரிசையில் ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு மகாட்டும் ஒரு வைக்கமும் இருக்கின்றன. தேநீர்க் கடைக்கும் இருக்கிறது. தமிழ்நாட்டில் கொட்டாங்கச்சி போய் இரட்டைக் குவளை வந்தது. 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் குடிநீர்த் தொட்டியில் மலம் கலக்கப்பட்டதை விசாரிக்கப் போன மாவட்ட ஆட்சியரும் காவல் கண்காணிப்பாளரும், பக்கத்துத் தேநீர்க் கடையில் இரட்டைக் குவளை இருப்பதைக் கண்டார்கள். காகிதக் குவளை வந்தபின் இந்த வழக்கம் பல இடங்களில் கண்ணுக்குத் தெரியாமல் போய்விட்டது. இல்லாமல் போனதா என்பது வேறு கேள்வி. அப்படிப்பட்ட கடைகளில் தினமும் பலர் தேநீர் குடிக்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் நல்லவர்களாகவே இருப்பார்கள். வழியில் ஒருவர் மயங்கி விழுந்தால் தண்ணீர் தெளிக்க ஓடுவார்கள். பெஞ்சில் உட்கார்ந்து கண்ணாடிக் குவளையில் குடிக்கும்போது, எதிரே நின்று குடிப்பவரின் கையில் என்ன குவளை இருக்கிறது என்று பார்ப்பது மட்டும் பழக்கத்தில் இல்லை.

சுமைதாங்கிகளில் பல சாலை அகலப்படுத்தும்போது பெயர்ந்துபோயின. தலைச்சுமையும் குறைந்துவிட்டது. 

வைக்கத்தில் இண்டந்துருத்தி மனை மட்டும் இன்னும் நிற்கிறது. நம்பூதிரி குடும்பத்தின் செல்வாக்குக் குறைந்த காலத்தில் வீடு கைமாறியது. வாங்கியது கள்ளிறக்கும் தொழிலாளர் சங்கம். கேரளத்தில் கள்ளிறக்குபவர்களில் பெரும்பாலோர் ஈழவர்கள். நூறாண்டுக்கு முன் பலகைக்கு இப்பால் நிறுத்தப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள். காந்தியை உள்ளே விடாத அந்த வீட்டில் இப்போது சங்க அலுவலகம் நடக்கிறது.